தீயை மூட்டும் தீயணைப்போர்: அமெரிக்க வனங்களிற் பருவகால அணிகள்

காட்டுத்தீ என்றதும் அதனை அணைப்போரே எமது மனக்கண்முன் தோன்றுவர். தீ பகை, அணைப்பவர் காவலர் என்னும் இப்பாகுபாடு எளிமையானது. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் காடுகளில் ஆண்டுதோறும் பருவகால ஊழியராகச் சேரும் இளைஞரும் யுவதிகளும் செய்யும் பணியைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து, இப்பாகுபாடு நிலைபெறுவதில்லை. கோடையில் தீயை அணைக்கும் அதே கைகளே இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் காட்டிற்குத் தீ மூட்டுகின்றன. முன்கூட்டியே எழுதப்பட்ட திட்டத்திற்கமைய, குறித்த இடத்தில், குறித்த காலநிலையில் மூட்டப்படும் இத்தீயினை நாம் இங்கு 'திட்டமிட்ட எரிப்பு' என வழங்குவோம். இவ்வணிகளிற் சேரும் ஒருவர் எவற்றைக் கற்கின்றார், எத்தகைய நிபந்தனைகளின் கீழ் உழைக்கின்றார் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரு பணிகளும் ஒரே கலையின் இரு பக்கங்கள் என்பதும், அவற்றுள் ஒன்றை மாத்திரமே அந்நாடு நெடுங்காலம் மதித்து வந்தது என்பதும் எமது கருத்தாகும்.

இவ்வணிகளிற் சேர்வதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டப்படுவதில்லை. பதினெட்டு வயது நிரம்பியிருத்தலும் உடல் வலிமையுமே முதன்மையான தகைமைகள். மத்திய அரசின் வனச் சேவையில் இடம்பெற விரும்புவோர், கோடைக்குப் பல மாதங்கள் முன்னரே விண்ணப்பித்துவிடுவர். தெரிவுசெய்யப்பட்டவரை எதிர்கொள்ளும் முதற் சோதனை ஒரு நடையாகும். 45 இறாத்தல் நிறையுள்ள சுமையைத் தாங்கி 3 மைல் தூரத்தை 45 நிமிடத்துள் நடந்து கடத்தல் வேண்டும், ஓடுதல் விலக்கப்பட்டுள்ளது. சமதரையில் நிகழும் இந்நடை கேட்பதற்கு எளிதாகத் தோன்றினும், மலைச்சரிவிற் பதினாறு மணித்தியாலம் நீடிக்கும் ஒரு வேலை நாளின் முன்னோட்டமே அதுவாகும். இதனோடு தீயின் நடத்தை, கருவிகளின் பயன்பாடு, குழுவாக இயங்கும்போது மனிதர் இழைக்கும் தவறுகள் ஆகியவை பற்றிய தொடக்கப் பாடங்களும் வெளிக்களப் பயிற்சியும் நடைபெறும். இவற்றை முடித்தவருக்கு அவரது தகைமையைச் சான்றுப்படுத்தும் அட்டை வழங்கப்படும். 'சிவப்பு அட்டை' என்பது அதன் வழக்குப் பெயர். எளிதில் தீப்பற்றாத மஞ்சள் மேற்சட்டை, கணுக்காலுக்கு மேல் உயர்ந்த தோற் சப்பாத்து, இடுப்பிலே மடித்துக் கட்டிய அலுமினியத் தகட்டுக் கூடாரம் ஆகியன அவரது கோலம். அக்கூடாரம் உறங்குவதற்கானதன்று. தப்பும் வழியனைத்தும் அடைபட்டபோது தரையோடு தரையாகக் கிடந்து தன்மேற் போர்த்துக்கொள்வதற்கானது.

புதிதாகச் சேர்ந்தோர் பலர் நீரைக் கொண்டே தீ அணைக்கப்படும் என எண்ணி வருவர். நீர்வண்டி செல்ல இயலாத மலைகளில் நிலைமை வேறு. இருபது பேர் கொண்ட ஓர் அணி, தீ பரவும் திசைக்குக் குறுக்கே, எரியத்தக்க புல், சருகு, வேர் அனைத்தையும் அகற்றி வெறும் மண்ணை வெளிப்படுத்தி ஒரு கோட்டினை வெட்டிச் செல்லும். இயந்திர வாள் ஏந்தியோர் முன்னே மரங்களையும் புதர்களையும் அறுப்பர். அவர்தம் துணைவர் அறுத்தவற்றை அப்புறப்படுத்துவர். பின்னால் ஏனையோர் ஒருவருக்கொருவர் குறைந்தது பத்தடி இடைவெளி விட்டு வரிசையாகக் கொத்தியும் சுரண்டியும் முன்னேறுவர். ஒருவர் முழுக் கோட்டையும் வெட்டுவதில்லை. ஒவ்வொருவரும் சில கொத்துக் கொத்தி நகர, வரிசையின் இறுதியில் நிற்பவரின் காலடியிற் கோடு நிறைவுறும். தீ உணவின்றி மடிவது இக்கோட்டினாலேதான்.

இவ்வரிசையிற் பெரிதும் பயன்படும் கருவி 'புலாஸ்கி' எனப்படும். ஒரு புறம் கோடரியும் மறுபுறம் மண்வெட்டி போன்ற அலகும் அமைந்த அக்கருவி, எட் புலாஸ்கி என்னும் வனக் காவலரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20, 21ஆம் திகதிகளில் ஐடாகோ, மொன்டானாப் பகுதிகளிற் பெருங்காற்றுடன் எழுந்த தீ ஏறத்தாழ முப்பது இலட்சம் ஏக்கரை அழித்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், அவருட் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்றவர்களே. புலாஸ்கி தமது அணியினரை ஒரு பழைய சுரங்கத்தினுள் இட்டுச் சென்று, வெளியே ஓட முயன்றோரைக் கைத்துப்பாக்கி காட்டி மிரட்டித் தடுத்து நிறுத்தினார். அவருட் பெரும்பாலானோர் உயிர் பிழைத்தனர்.

அப்பேரழிவிலிருந்து அந்நாடு பெற்ற பாடம் யாது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. 1905இல் தோன்றி ஐந்தாண்டே நிரம்பியிருந்த வனச் சேவை, எத்தீயையும் அணைத்தே தீரவேண்டும் என்னும் முடிவிற்கு வந்தது. 1935இல் இது ஒரு விதியாகவே வகுக்கப்பட்டது. ஒரு தீ பற்றி அறிவிக்கப்பட்டால் மறுநாட் காலை பத்து மணிக்குள் அது கட்டுப்படுத்தப்படல் வேண்டும் என்பதே அவ்விதி. 1944இல் தோன்றிய 'ஸ்மோக்கி' என்னும் கரடியின் உருவம், காட்டுத்தீ முழுத் தீமை என்பதைக் குழந்தைகளின் மனத்திலும் பதித்தது. பத்து மணி விதி 1978இல் கைவிடப்பட்டபோது நாற்பதாண்டுகள் கடந்துவிட்டன.

அந்நாற்பதாண்டுகளிற் காடு சும்மா இருக்கவில்லை. மேற்குப் பகுதியின் பொண்டரோசாப் பைன் காடுகளிற் சில ஆண்டுகள் முதல் இரு தசாப்தங்கள் வரையான இடைவெளிகளிற் சிறு தீ தரையோடு ஓடிச் சருகையும் இளங்கன்றுகளையும் எரித்துச் செல்லுதல் இயல்பாயிருந்தது. தடித்த பட்டையுடைய முதுமரங்கள் அதனால் மடிவதில்லை. அத்தீயைத் தடுத்தபோது கன்றுகள் நெருங்கி வளர்ந்தன. தரையிலிருந்து மரமுடிவரை தீ ஏறிச் செல்ல ஏணி அமைந்தது. அணைத்த தீ ஒவ்வொன்றும் பின்னர் வரும் தீக்கு விறகு சேர்த்தது எனலாம்.

இவ்வுண்மையை அறிந்தோர் முன்னரே இருந்தனர். கலிபோர்ணியாவின் வடபகுதியில் வாழும் கறுக், யூறொக் என்னும் தொல்குடியினர், கூடை முடைவதற்கு வேண்டிய நேரான கொம்புகள் தளிர்க்கும்பொருட்டும், உணவாகும் கருவாலிக் கொட்டைகளைப் பெறுவதற்கு நிலத்தைத் துப்புரவாக வைத்திருக்கும்பொருட்டும் காட்டைப் பருவமறிந்து எரித்து வந்தனர். 1850இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம் நிலத்திற்குத் தீயிடுதலைத் தண்டனைக்குரியதாக்கியது. சேனை எரிப்பினைக் கண்டறிந்த எம்மவர்க்கு, எரிப்பவன் அனைவரும் அறிவிலி என்னும் அதிகாரிகளின் குரல் புதிதன்று. தென் மாநிலங்களில் மாத்திரம் எரிக்கும் வழக்கம் முற்றாக அறுபடவில்லை. அங்கு ஹேர்பேட் ஸ்ரொடாட் என்பவர் காடைகளைப் பற்றி ஆராய்ந்து, எரிக்கப்படாத நிலத்தில் அவை அருகுதலை 1931இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். 1958இல் புளோரிடாவில் தொடங்கிய 'டோல் ரிம்பேஸ்' ஆராய்ச்சி நிலையம் அவ்வழியிற் சென்றது. ஒருகாலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரிற் பரந்திருந்து ஏறக்குறைய 30 இலட்சம் ஏக்கராகக் குறுகிய நீளிலைப் பைன் காடு, தீயின்றி வாழாத ஒன்றாகும். அதன் இளங்கன்று சில ஆண்டுகள் புற்கற்றை போலத் தரையோடு இருந்து, தன் குருத்தினை ஊசியிலைகளால் மூடிக் காத்துக்கொள்ளும். தீ அயற்செடிகளை எரித்து ஒளி தந்தபின்னரே உயர்ந்தெழும். 1990இல் புளோரிடா திட்டமிட்ட எரிப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றிச் சான்றிதழ் பெற்ற எரிப்போர்க்குப் பாதுகாப்பளித்தது. இன்று அம்மாநிலத்தில் ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் ஏக்கர் வரை எரிப்பதற்கு அனுமதி வழங்கப்படுகின்றது.

இனி, எரிப்பு நாளன்று புதிய ஊழியர் காண்பது யாதென நோக்குவோம். எரிப்புப் பொறுப்பாளரிடம் எழுத்திலமைந்த திட்டம் உண்டு. காற்றின் திசையும் வேகமும், சருகின் ஈரம், வளியின் சாரீரப்பதன் ஆகியன எவ்வெல்லைக்குள் இருத்தல் வேண்டுமென அது கூறும். தென்பகுதிப் பைன் காடுகளில் ஈரப்பதன் 30 முதல் 55 வீதம் வரை இருத்தல் விரும்பப்படும். அதனிற் குறைந்தால் தீ கைமீறும். மிகுந்தால் புகைந்து நிற்கும். முதலில் ஒரு மூலையிற் சிறிதளவு மூட்டிப் பார்ப்பர். அது எதிர்பார்த்தவாறு எரியாவிடின் அன்றைய வேலை அத்துடன் நிறுத்தப்படும். திருப்தியாயின், எண்ணெய் சொட்டும் பந்தத்தை ஏந்தியோர் முன்செல்வர். மூன்று அல்லது நான்கு பங்கு டீசலுக்கு ஒரு பங்கு பெற்றோல் கலந்த எண்ணெய், எரியும் திரியினூடாகத் துளித்துளியாய்த் தரையில் விழும். காற்று வீசிச் செல்லும் பக்கத்து எல்லையில் முதலில் மூட்டப்படும். அத்தீ காற்றை எதிர்த்து மெல்லப் பின்னோக்கி ஊர்ந்து, கரிந்த ஒரு பட்டியை உண்டாக்கும். அதன் பின்னரே காற்றோடு ஓடும் தீயைப் பட்டி பட்டியாக இடுவர். ஒவ்வொன்றும் முன்னைய கரிநிலத்தைச் சந்தித்து அடங்கும். பட்டிகளின் இடைவெளியைக் கூட்டினால் சுவாலை உயரும், குறைத்தால் தாழும்.

தீயின் இயல்பைக் கற்க இதனினும் சிறந்த பள்ளி இல்லை என்றே நாம் கருதுகின்றோம். கோடைத் தீயின் முன் நிற்பவருக்கு நின்று பார்க்க நேரமில்லை. எரிப்பு நாளிலோ காற்று சற்றுத் திரும்பியதும் சுவாலை எவ்வாறு சாய்கிறது, சரிவில் ஏறுங்கால் எத்துணை விரைகிறது, நிழலிலுள்ள புல்லும் வெயிலிலுள்ள புல்லும் எவ்வாறு வேறுபட்டு எரிகின்றன என்பவற்றைத் தானே மூட்டிய தீயில் அவர் காணலாம்.

இவ்வறிவின் பெறுமதி என்னவென்பதற்கு 1949 ஓகஸ்ட் 5ஆம் திகதி மொன்டானாவின் மான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது சான்றாகும். விமானத்திலிருந்து குதித்த பதினைந்து தீயணைப்போரும் அவர்களோடு இணைந்த ஒரு வனக் காவலரும் செங்குத்தான புற்சரிவில் மேல்நோக்கி ஓடினர். தீ அவர்களிலும் விரைவாக ஓடி வந்தது. தலைவராகிய வாக் டொட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தமக்கு முன்னிருந்த காய்ந்த புல்லில் ஒரு தீக்குச்சியைக் கிழித்திட்டார். அது எரித்துச் சென்ற சாம்பலினுள் புகுந்து முகங்குப்புறக் கிடந்தார், ஏனையோரையும் அழைத்தார். எவரும் வரவில்லை. பெருந்தீ அவர் கிடந்த கரிநிலத்தைச் சுற்றிச் சென்றது. அவரும், மலைமுகட்டை எட்டிய இருவருமாக மூவர் பிழைத்தனர், பதின்மூவர் மாண்டனர். மாண்டவர்களை நாம் குறைகூற முடியாது. அணைத்தலை மாத்திரமே பயின்ற இளைஞர்க்கு, உயிருக்கு ஓடும் வேளையில் இன்னொரு தீயை மூட்டும் தலைவர் சித்தம் கலங்கியவராகத் தோன்றியிருத்தல் இயல்பே. 1957இல் தீயணைப்போருக்குரிய பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டன. 1991இல் போல் கிளீசன் என்னும் அனுபவசாலி அவற்றின் சாரத்தைக் கண்காணி, தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பிடம் என நான்காகச் சுருக்கினார். பாதுகாப்பிடங்களுட் சிறந்தது பெரும்பாலும் முன்னரே எரிந்த நிலம் என்பதை இன்று புதியவர் முதல்நாளிலேயே கற்கின்றார். இருப்பினும் 2013இல் அரிசோனாவின் யார்னல் குன்றில் ஓர் அணியின் பத்தொன்பது பேர் ஒரே நாளில் மாண்டனர்.

இத்தகைய உழைப்பிற்கு அளிக்கப்பட்ட மதிப்பு யாது? வனச் சேவையில் இவர்களது பதவிப்பெயர் நெடுங்காலம் 'வனவியல் தொழினுட்பவியலாளர்' என்றே இருந்தது. தீ என்ற சொல்லே அதில் இல்லை. தற்காலிகப் பருவகால ஊழியரின் சாதாரண வேலைநேரம் ஆண்டுக்கு 1,040 மணித்தியாலத்திற் குறைவாகவே அமைக்கப்பட்டது. 2012 வரை அவர்க்கு அரச மருத்துவக் காப்புறுதியும் கிடைக்கவில்லை. மேலும் ஒன்று எமது பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. கட்டுக்கடங்காத தீயின் முன் நிற்போர்க்கு அடிப்படை வேதனத்தின் 25 வீதம் ஆபத்துப்படியாக வழங்கப்பட்டது. திட்டமிட்ட எரிப்பில் அதே புகையை உண்போர்க்கு அது நெடுங்காலம் வழங்கப்படவில்லை. அணைப்பவன் வீரன், மூட்டுபவன் வெறும் கூலி என்னும் பழைய மனப்பாங்கு வேதனப் பட்டியலிலும் இடம்பெற்றிருந்தது. 2021இல் இயற்றப்பட்ட சட்டமொன்று தீயணைப்போர்க்கெனத் தனிப் பதவி வகையை ஏற்படுத்தப் பணித்ததோடு தற்காலிக வேதன உயர்வையும் அளித்தது; 2025இல் அவ்வுயர்வு நிரந்தரமாக்கப்பட்டது. காலந்தாழ்ந்த நீதியெனினும் வரவேற்கத்தக்கதே.

எரிப்பினை எதிர்ப்போரின் வாதத்தையும் ஒதுக்கிவிடலாகாது. 2000ஆம் ஆண்டு மே மாதம் நியூ மெக்சிக்கோவிலே தேசியப் பூங்காச் சேவை மூட்டிய தீ கைமீறி, லொஸ் அலமொஸ் நகரில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளை எரித்தது. 2022இல் அதே மாநிலத்தில் வனச் சேவையின் இரு எரிப்புகள் கைமீறி ஒன்றாக இணைந்து 3,41,000 ஏக்கருக்கு மேல் அழித்தன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் பல வீடும் மேய்ச்சல் நிலமும் இழந்தன. அரசுக்குரிய தீ தம் வீட்டை எரித்ததென்று கூறும் ஒருவரிடம், எரிக்காவிடினும் என்றோ அது எரிந்திருக்கும் என விளக்கமளிப்பது எளிதன்று. வனச் சேவையின் தலைவர் தொண்ணூறு நாட்களுக்கு நாடெங்கணும் எரிப்பினை நிறுத்திவைத்தார்.

அவ்விரு தீக்களுள் ஒன்று ஏப்பிரல் 6ஆம் திகதி பலத்த காற்றினாற் கைமீறியது. மற்றையதன் வரலாறு வேறு. குளிர்காலத்தில் விறகுக் குவியல்களை எரித்தபின் எஞ்சிய தணல், பனியின் அடியிற் பல வாரங்கள் உறங்கிக் கிடந்து, ஏப்பிரலில் வெளிப்பட்டது. இதனாலேயே அணிகளில் புதியவருக்குக் கற்பிக்கப்படும் வேலைகளுள் மிகவும் சலிப்பூட்டுவது மிகவும் வற்புறுத்தப்படுகின்றது. சுவாலை அடங்கிய பின், அவர் கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே பிடிப்பார். வெப்பம் உறைக்காவிடின் விரல்களை உள்ளே செலுத்தித் தடவிப் பார்ப்பார். வேர்க்குழியொன்றில் இளஞ்சூடு தட்டுப்பட்டால் தோண்டி, மண்ணோடு கலந்து, நீர் இருப்பின் நீரும் ஊற்றி மீண்டும் தடவுவார். பின்னர் ஓரடி நகர்ந்து அடுத்த சாம்பலிற் கைவைப்பார்.