வீட்டுக்கு வரும் பார்சல் காணாமல் போதல்

பார்சல் இழப்பு என்பது, இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ வாங்கி வீட்டு முகவரிக்கு அனுப்பப்பட்ட ஒரு பொருள், வாங்கியவரின் கைக்கு வந்து சேராமல் போவதைக் குறிக்கும். வழியில் தொலைவது, வேறு வீட்டில் கொடுக்கப்படுவது, வாசலில் வைத்த பின் திருடப்படுவது, பெட்டி வந்தும் உள்ளே பொருள் இல்லாதிருப்பது ஆகிய நான்கும் இதில் அடங்கும். நான்கிலும் வாங்கியவருக்கு ஏற்படும் நட்டம் ஒன்றுதான். ஆனால் யாரிடம் கேட்க வேண்டும், எதைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்பது ஒவ்வொன்றிலும் வேறுபடும். இக்கட்டுரை முதன்மையாக இந்தியாவின் சட்டத்தையும் நடைமுறையையும் விளக்குகிறது.

பார்சலின் பயணம்

விற்பனையாளரிடமிருந்து எடுக்கப்படும் பார்சல், பிரிப்பு மையங்கள் சிலவற்றைக் கடந்து, உள்ளூர்க் கிளைக்கு வந்து, அங்கிருந்து டெலிவரி ஊழியரின் பையில் ஏறுகிறது. கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் பட்டைக் குறியீடு ஸ்கேன் செய்யப்படும். டிராக்கிங் பக்கத்தில் தெரியும் வரிகள் இந்த ஸ்கேன்களின் பதிவுகளே.

ஒரே மையத்தின் பெயரில் பதிவு பல நாட்கள் நின்றுவிட்டால், பார்சல் வழியில் தொலைந்திருக்கவோ வேறு ஊர் மூட்டையில் சேர்ந்திருக்கவோ வாய்ப்பு உண்டு. இந்நிலையில் வாங்கியவர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பொருள் வரவில்லை என்பதை அந்தப் பதிவே காட்டிவிடும். 'டெலிவரி ஆகிவிட்டது' என்று பதிவு காட்டும்போது பொருள் கையில் இல்லாவிட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

'டெலிவரி ஆகிவிட்டது' என்ற பதிவின் மதிப்பு

இப்பதிவு, ஊழியரின் கைபேசியில் ஒரு பொத்தான் அழுத்தப்பட்டது என்பதைக் காட்டுகிறது. பார்சலை யார் பெற்றார் என்பதை அது தனியாகச் சொல்லாது. ஒரு நாளில் பல வீடுகளுக்குச் செல்ல வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஊழியர், தெருவுக்குள் நுழையும் முன்பே பொத்தானை அழுத்திவிட்டுச் சில மணி நேரம் கழித்து வந்து கொடுப்பதும் உண்டு. அதனால் பதிவைப் பார்த்தவுடன் திருட்டு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

பதிவுடன் சேர்ந்த மற்ற விவரங்களே உண்மையான சான்றுகள். பெற்றவர் பெயர், கையொப்பம், ஓ.டி.பி. உறுதி செய்யப்பட்டதா என்ற குறிப்பு, வாசலில் எடுத்த படம், பொத்தான் அழுத்தப்பட்டபோது ஊழியரின் கைபேசி இருந்த இடம் ஆகியவை நிறுவனத்தின் கணினியில் இருக்கக்கூடும். புகார் தரும்போது 'டெலிவரிக்கான சான்றைத் தாருங்கள்' என்று எழுத்தில் கேட்க வேண்டும். படத்தில் தெரியும் கதவு தன் வீட்டுக் கதவு இல்லை என்பதாலேயே தீர்ந்த புகார்கள் உண்டு.

யார் பொறுப்பு?

பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டம் இதற்கு நேரடியான விடை தருகிறது. பொருள் நுகர்வோரின் கைக்கோ, அவர் குறிப்பிட்ட வேறொருவரின் கைக்கோ வந்து சேரும்வரை இழப்பின் பொறுப்பு விற்பனையாளரைச் சேரும் என்று அதன் 29ஆம் பிரிவு கூறுகிறது. கூரியர் நிறுவனத்தைக் கேளுங்கள் என்று சொல்லி விற்பனையாளர் விலகிக்கொள்ள முடியாது.

இந்தியாவில் இவ்வளவு தெளிவான ஒற்றை விதி இல்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, விற்பனையாளர் சரக்கை அனுப்ப வேண்டிய ஒப்பந்தங்களில், அதை எடுத்துச் செல்பவரிடம் ஒப்படைப்பது முதல் தோற்றத்தில் வாங்குபவரிடமே ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும். 'கூரியரில் போட்டுவிட்டோம், இனி எங்கள் பொறுப்பில்லை' என்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சேலையும் கவரிங் நகையும் விற்கும் சிலர் சொல்வது இந்தக் கருத்தின் எதிரொலியே. ஆனால் அது முடிந்த முடிவன்று. பொருளின் தன்மைக்கு ஏற்றபடி அனுப்புநர் சரியான ஏற்பாடு செய்யாமல் விட்டு, அது வழியில் தொலைந்தால், அதை ஒப்படைப்பாக ஏற்க வாங்கியவர் மறுக்கலாம் என்று அதே பிரிவு கூறுகிறது. வீட்டில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி விற்கும்போது ஒப்பந்தமே வேறாகிவிடுகிறது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்கியவருக்கு இதைவிட வலுவான துணை. பணம் பெற்றுக்கொண்டு பொருளைச் சேர்க்காதது சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் இதன் கீழ் முறையிடலாம். கூரியரைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் செலுத்தியது விற்பனையாளர் என்பதால், முதல் கேள்வி விற்பனையாளரிடமோ விற்பனைத் தளத்திடமோதான் போக வேண்டும். அனுப்பியவரின் புகாரை மட்டுமே ஏற்கும் கூரியர் நிறுவனங்களும் உள்ளன.

வாங்கியவர் தாமே பொறுப்பை மாற்றிக்கொள்ளும் ஓர் இடமும் உண்டு. ஊழியர் அழைக்கும்போது 'செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுங்கள்', 'கேட்டுக்கு உள்ளே போட்டுவிடுங்கள்' என்று சொன்னால், பார்சல் வாங்கியவர் சொன்ன இடத்தில் சேர்ந்ததாக எதிர்த்தரப்பு வாதிட வழி பிறக்கிறது. ஓ.டி.பி.யைத் தொலைபேசியில் சொல்வதும் இப்படித்தான். பொருளைக் கண்ணால் பார்க்காமல் சொல்லும் ஓ.டி.பி., 'பெற்றுக்கொண்டேன்' என்று போடும் கையொப்பத்துக்குச் சமம்.

முதல் இரண்டு நாட்கள்

புகார் வெற்றிபெறுவது பெரும்பாலும் தொடக்கத்தில் சேர்க்கும் ஆவணங்களைப் பொறுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சி.சி.டி.வி. பதிவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் தாமாக அழிந்துவிடும். விற்பனைத் தளங்களும் இத்தகைய புகாருக்குக் குறுகிய காலவரம்பு வைத்திருக்கும். பின்வரும் வரிசை உதவும்.

1. முகவரி, கதவு எண், பின்கோடு, கைபேசி எண் ஆகியவை ஆர்டரில் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.
2. வீட்டில் உள்ளோர், அக்கம்பக்கத்தார், காவலாளி, கீழ்த்தளக் கடைக்காரர் ஆகியோரிடம் கேட்க வேண்டும். காவலாளியின் பதிவேட்டில் அந்த நேரத்துக்குரிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.
3. டிராக்கிங் பக்கம், ஆர்டர் விவரம், பணம் செலுத்திய ரசீது, வந்த குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைத் திரைப்படமாகச் சேமிக்க வேண்டும்.
4. சி.சி.டி.வி. இருந்தால் அந்த நேரத்துப் பதிவை நகலெடுத்து வைக்கும்படி குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்.
5. விற்பனைத் தளத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் பேசியதன் சுருக்கத்தை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புவது நல்லது.

பெட்டிக்குள் வேறு பொருளோ வெற்றுக் காகிதமோ இருந்தால், பெட்டி, உறை, அதில் ஒட்டிய முகவரிச் சீட்டு எதையும் வீசிவிடக் கூடாது. சீட்டில் உள்ள எடையும் பெட்டியின் உண்மையான எடையும் பொருந்தவில்லை என்றால், அது வலுவான சான்றாகும். விலை உயர்ந்த பொருளின் பெட்டியை, முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, இடையில் நிறுத்தாமல் காணொளி எடுத்தபடி பிரிப்பது இதற்காகவே.

புகார் செல்லும் படிகள்

2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை மையம் புகாரை மூடிவிட்டாலும் இந்த அலுவலருக்குத் தனியாக எழுதலாம்.

அடுத்த படி தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915. இங்கே தமிழிலும் புகார் சொல்லலாம். இந்த மையம் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் பெற முயலும். தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆயினும் வழக்குக்குப் போகாமல் பணம் திரும்பக் கிடைக்க இது எளிய வழி.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை; இணையம் வழியாகவும் மனு தரலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு தர வேண்டும். பொருளின் விலையுடன், மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் கேட்கலாம்.

கடன் அட்டையிலோ பற்று அட்டையிலோ பணம் செலுத்தியவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 'பொருள் கிடைக்கவில்லை' என்ற காரணத்தைக் காட்டி அட்டை வழங்கிய வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரலாம். இதற்குக் காலவரம்பு உண்டு என்பதால், விற்பனையாளரின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. யு.பி.ஐ. வழியாகத் தனி நபருக்கு அனுப்பிய பணத்தை இவ்வாறு மீட்பது கடினம்.

காவல் துறையில் புகார்

வாசலில் இருந்த பார்சலை யாரோ எடுத்துச் செல்வது சி.சி.டி.வி.யில் பதிவாகியிருந்தால், அது திருட்டுக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு இதற்குரியது. பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை குற்றம் செய்தவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையைத் தண்டனையாக விதிக்க இப்பிரிவு இடம் தருகிறது. எடுத்துச் செல்லும் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கையாடுவது 316ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி. தண்டனை 7 ஆண்டுகள் வரை.

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தவுடன் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். விற்பனைத் தளமோ காப்பீட்டு நிறுவனமோ சான்று கேட்டால் இது பயன்படும். உறுதியான சான்று இல்லாமல் டெலிவரி ஊழியரின் பெயரைப் புகாரிலோ சமூக ஊடகத்திலோ குறிப்பிடுவது சரியன்று. பிரிப்பு மையத்தில் நடந்த தவறுக்கும் கடைசியாகப் பொருளைத் தூக்கி வந்தவரே பதில் சொல்ல நேர்கிறது. ஒரு தவறான குற்றச்சாட்டால் அவர் வேலையை இழக்கலாம். 'பார்சல் கிடைக்கவில்லை' என்று நடந்ததை மட்டும் எழுதினாலே விசாரணைக்குப் போதும்.

அஞ்சலும் கூரியரும்

அஞ்சல் துறையின் நிலை வேறு. 1898ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டு அஞ்சல் அலுவலகச் சட்டமும், சேவைகளில் நேரும் இழப்புக்கான பொறுப்பை விதிகளில் சொல்லப்பட்ட அளவுக்குள் கட்டுப்படுத்துகின்றன. எனவே மதிப்புள்ள பொருளைக் காப்பீடு செய்து அனுப்புவதே பாதுகாப்பு.

தனியார் கூரியர் ரசீதின் பின்புறச் சிறு எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. 1996இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், அனுப்புநர் கையொப்பமிட்ட சீட்டில் இழப்பீட்டு உச்சவரம்பு இருந்தால் அது அவரைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஊரிலிருந்து பிள்ளைகளுக்கு மடிக்கணினியோ நகையோ கூரியரில் அனுப்புவோர் மனத்தில் கொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

பார்சலின் பெயரால் மோசடி

காணாமல் போன பார்சலைத் தேடுபவரையே குறிவைக்கும் மோசடிகள் உண்டு. 'முகவரி முழுமையாக இல்லை, 24 மணி நேரத்தில் திருத்துங்கள்' என்று வரும் குறுஞ்செய்தி இணைப்பு, சிறு கட்டணம் கேட்டு அட்டை விவரங்களைத் திருடும். தேடுபொறியில் கிடைக்கும் போலி வாடிக்கையாளர் சேவை எண்கள், பணம் திருப்பித் தருவதாகச் சொல்லித் திரைப் பகிர்வுச் செயலியை நிறுவச் சொல்லும். உதவி எண்ணை நிறுவனத்தின் செயலிக்குள் மட்டுமே தேட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

தடுக்கும் வழிகள்

அமெரிக்காவில் ஆளில்லாத வீட்டின் முகப்பில் பார்சலை வைத்துச் செல்லும் வழக்கம் பரவியதால், அதைத் திருடுவோருக்குப் 'போர்ச் பைரட்' என்ற பெயரே ஏற்பட்டது. டெக்சாஸ் மாநிலம் 2019இல் இதற்கெனத் தண்டனையைக் கடுமையாக்கியது. ஜெர்மனி வேறு வழியில் சென்றது: 2001இல் தொடங்கிய 'பாக்ஸ்டேஷன்' தானியங்கிப் பெட்டகங்களில், பெறுபவர் தமக்கு வசதியான நேரத்தில் குறியீட்டைக் காட்டிப் பார்சலை எடுத்துக்கொள்கிறார்.

பெட்டகம் இல்லாத ஊர்களிலும் அதே பயனைப் பெறலாம். பகலில் ஆள் இருக்கும் அலுவலக முகவரியைத் தருவது, விலை உயர்ந்த பொருளுக்குத் திறந்து காட்டித் தரும் டெலிவரியைத் தேர்ந்தெடுப்பது, வீட்டில் இருக்கும் நாளுக்கு டெலிவரியைத் தள்ளிப்போடுவது ஆகியவை எளியவை. அடுக்குமாடிகளில் காவலாளி பெற்ற நேரம், வீட்டு எண், எடுத்துச் சென்றவர் கையொப்பம் ஆகிய மூன்றையும் எழுதும் ஒரு பதிவேடு இருந்தால், பார்சல் கை மாறிய இடம் எது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.