மூச்சுத் திணறும் பூனைக்கு ஆக்சிஜன் எந்த அளவுக்கு உதவும்?

உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைத் தேடி வந்த பூனைக்கு அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தியை நாம் அறிவோம். நம் வீடுகளிலும் பூனைகள் வளர்கின்றன. தண்ணீரும் மீனும் வைக்கிறோம். அதற்கு மூச்சு முட்டுவதை மட்டும் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு. பூனை அப்படி இரைத்தால் பெரும்பாலும் ஆபத்துதான். தூங்கும் பூனை நிமிடத்துக்கு 30 தடவைக்குள் மூச்சு விடும். அது 40ஐத் தாண்டினாலோ, கழுத்தை நீட்டி முழங்கைகளை விலக்கி உட்கார்ந்தாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு, மடியில் இறுக்கிப் பிடிக்காமல் கூடையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே முதலில் கிடைக்க வேண்டியது ஆக்சிஜன், எக்ஸ்ரே அல்ல. திணறும் பூனையை அழுத்திப் படுக்க வைத்தால் அந்தப் பதற்றத்திலேயே உயிர் போய்விடலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஆக்சிஜன் கூண்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் வரை கிடைக்கும். யாரும் தொடாததால் பூனையும் அடங்கும். கதவைத் திறந்தால் சேர்ந்ததெல்லாம் வெளியேறிவிடும். ஆகவே, ஒரு தடவை தடவிக் கொடுக்கிறேன் என்று மருத்துவரை நெருக்காதீர்கள்.

அதிலும் தேறாவிட்டால், சூடும் ஈரமும் ஏற்றிய ஆக்சிஜனை மூக்குக் குழாய் வழியே வேகமாகச் செலுத்தும் கருவி இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு வைக்கும் அதே முறைதான். 100 சதவீதம் வரை கொடுக்கலாம். பூனையின் மூக்கு சிறியது, பொறுமை அதைவிடச் சிறியது. எனவே லேசான மயக்க மருந்து தேவைப்படும். கடைசிக் கட்டம் வென்டிலேட்டர். முழு மயக்கத்தில் மூச்சுக் குழாய்க்குள் குழாய் இட்டு, இரவு பகலாக ஆள் இருந்து பார்க்க வேண்டும். செலவும் அதிகம், வசதியுள்ள இடங்களும் குறைவு.

இவையெல்லாம் அவகாசம் வாங்கித் தருமே தவிர, நோயைத் தீர்க்காது. இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்திருந்தால் அதை இறக்க மருந்து வேண்டும். நெஞ்சுக் கூட்டுக்குள் நீர் தேங்கியிருந்தால் ஊசியால் உறிஞ்ச வேண்டும். ஆஸ்துமாவுக்கு வேறு வைத்தியம். 60 சதவீதத்துக்கு மேல் ஒரு நாளைத் தாண்டி ஆக்சிஜன் கொடுத்தால் அதுவே நுரையீரலைக் கெடுக்கும்.

ஆக்சிஜனே போதாமல் போகும் நிலை ஒன்றை நம் கையாலேயே உண்டாக்குகிறோம். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் பழுப்பேறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாததாகிவிடும். ஒரே மாத்திரையில் சாகலாம். அறியாமல் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், என்ன மாத்திரை, எப்போது கொடுத்தோம் என்பதை உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் போட்டால்தான் பலிக்கும்.