கணக்கில் யோசிக்க வைப்பது கற்றல் பாணியா, கேள்வியா?

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களை வகை பிரிக்கும் பழக்கம் கல்வி உலகில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நியூசிலாந்தின் நீல் பிளெமிங் உருவாக்கிய ‘வார்க்’ வினாத்தாள் இதற்குப் பெயர்பெற்ற கருவி. அவரவர் பாணியில் பாடம் நடத்தினால் கணிதத்தில் திறனாய்வுச் சிந்தனையும் வளரும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையானால், படத்தை விரும்பும் மாணவர் படத்தாலும், கேட்பதை விரும்பும் மாணவர் கேட்டும் கூடுதலாகத் தேற வேண்டும். ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் ஆய்வுகளை அலசியபோது, இதை முறையாகச் சோதித்தவையே மிகச் சில என்பதும், அவற்றிலும் பலவற்றின் முடிவு எதிராக இருந்ததும் தெரியவந்தது.

கணிதத்தில் திறனாய்வுச் சிந்தனை என்பது, தரப்பட்ட விவரம் போதுமா, இந்த வழி ஏன் பொருந்துகிறது, விடை நியாயமானதா என்று கேட்பதுதான். பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள், கப்பலில் 26 செம்மறிகளும் 10 வெள்ளாடுகளும் இருந்தால் கேப்டனின் வயது என்ன என்று தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு விடை சொல்லிவிட்டார்கள். கணக்கைப் படமாகக் காட்டியிருந்தாலும் வயதுக்கான விவரம் அதில் இருந்திருக்காது. குழந்தைகளிடம் இல்லாமல்போனது கேள்வியையே சந்தேகிக்கும் பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்குப் பயிற்சியின் அமைப்பே வழி திறக்கிறது. டக் ரோரர் குழுவினர் புளோரிடாவில் 54 ஏழாம் வகுப்புகளில் நடத்திய சோதனையை 2020இல் வெளியிட்டார்கள். பலவகைக் கணக்குகளைக் கலந்து பயின்றவர்கள் ஒரு மாதம் கழித்து வந்த தேர்வில் சராசரியாக 61 சதவீதம் பெற்றார்கள். ஒரே வகையைத் தொடர்ந்து போட்டவர்கள் 38 சதவீதம்தான். ஒரே வகையாக இருந்தால் கணக்கைப் படிக்கும் முன்பே வழிமுறை தெரிந்துவிடுகிறது. கலந்து வரும்போது எந்த வழி என்று மாணவரே தீர்மானிக்க வேண்டும். திறனாய்வின் முதல் படி அதுவே.

பிள்ளைகள் ஒருவரைப் போல் ஒருவர் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் கற்பித்தலில் பெரிதும் கவனிக்க வேண்டிய வேறுபாடு, ஏற்கெனவே என்ன தெரியும் என்பதில் இருக்கிறது. பாணிக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகளும் உண்டு. அவை ஒரு விருப்பமும் ஒரு திறமையும் சேர்ந்து காணப்படுவதைச் சொல்கின்றன. பாணிக்கேற்ற பாடம்தான் பலன் தந்தது என்று நிறுவவில்லை. படமும் பேச்சும் செய்முறையும் வகுப்புக்கு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பின்னத்தை எண்கோட்டில் காண்பது எல்லா மாணவருக்கும் தேவை. ஆகவே ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு முத்திரை குத்தும் நேரத்தை, “ஏன் இந்த வழி?” என்று ஒவ்வொருவரையும் கேட்பதற்குச் செலவிட வேண்டும்.