ஹ-க-ம (அரபு வேர்ச்சொல்)

ஹ-க-ம என்பது அரபு மொழியின் மூவெழுத்து வேர்களுள் ஒன்றாகும். தீர்ப்பு, ஆட்சி, ஞானம், மருத்துவர், நீதிமன்றம் என ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் பொருள்களை உடைய சொற்கள் இவ்வேரிலிருந்து பிறக்கின்றன. அரபு மொழியில் வேரின் மெய்யெழுத்துகளே அடிப்படைப் பொருளைத் தாங்குகின்றன. அவற்றினிடையே உயிரொலிகளும், முன்னும் பின்னும் ஒட்டுகளும் சேர்ந்து சொற்கள் உருவாகின்றன.

அடிப்படைப் பொருள்

கி.பி. 1004 இல் மறைந்த அகராதியியலாளர் இப்னு ஃபாரிஸ், "மகாயீஸ் அல்-லுகா" என்னும் தமது நூலில், இவ்வேருக்குத் "தடுத்தல்" என்ற ஒரே அடிப்படைப் பொருளைக் கூறுகிறார். கடிவாளத்தில் விலங்கின் தாடையைச் சுற்றி அமையும் பகுதி "ஹகமா" எனப்படும். அது விலங்கைத் தறிகெட்டு ஓடாமல் தடுக்கிறது. அவ்வாறே அநீதியைத் தடுப்பது ஹுக்ம் (தீர்ப்பு), அறியாமையைத் தடுப்பது ஹிக்மா (ஞானம்) என்பது அவரது விளக்கம். எனினும், எபிரேயம், அரமேயம் ஆகிய உறவு மொழிகளிலும் இதே வேர் அறிவைக் குறிப்பதால், ஞானம் என்னும் பொருள் அரமேயத்திலிருந்து அரபுக்கு வந்திருக்கலாம் எனக் கருதுவோரும் உளர்.

வழிச்சொற்கள்

ஹாகிம் என்பது தீர்ப்பளிப்பவரை அல்லது ஆள்பவரைக் குறிக்கும். ஹகீம் என்பது ஞானி, மருத்துவரையும் குறிக்கும். தமிழகத்தில் யுனானி மருத்துவர்கள் "ஹக்கீம்" என அழைக்கப்படுவது இதனாலேயே. நெடில் இடம் மாறினால் ஆட்சியாளர் மருத்துவராகிவிடுவார் என்பதைக் கற்போர் நினைவிற் கொள்வது நன்று. மஹ்கமா நீதிமன்றத்தையும், ஹுகூமா அரசாங்கத்தையும் குறிக்கும். பின்னது துருக்கி, உருது மொழிகளிலும் சிறிய மாற்றங்களுடன் வழங்குகிறது. இக்கால அரபில் கால்பந்து நடுவரும் "ஹகம்" தான்.

பொருள் வேறுபாட்டின் விளைவுகள்

"ஹுக்ம்" என்ற சொல்லைத் தீர்ப்பு எனக் கொள்வதா, ஆட்சி எனக் கொள்வதா என்பது வெறும் மொழியியல் வினா அன்று. கி.பி. 657 இல் யூப்ரடீசு ஆற்றங்கரையில் நடந்த சிஃப்பீன் போரில், அலீயும் முஆவியாவும் நடுவர் தீர்ப்புக்கு (தஹ்கீம்) இணங்கினர். இதுவும் இவ்வேரின் சொல்லே. "ஹுக்ம் இறைவனுக்கே உரியது" என்று கூறி அதனை எதிர்த்து அலீயின் அணியிலிருந்து பிரிந்தவர்களே பின்னர் காரிஜிகள் எனப்பட்டனர். அலீ 661 இல் அவர்களுள் ஒருவரால் கொல்லப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வாதம் புதிய வடிவம் பெற்றது. அபுல் அஃலா மௌதூதியும், எகிப்தில் 1966 இல் தூக்கிலிடப்பட்ட சையித் குத்பும், இறைவனின் இறையாண்மை என்னும் பொருளில் "ஹாகிமிய்யா" என்ற கருத்தை முன்வைத்தனர். குர்ஆனின் 5:44 ஆம் வசனத்தில் உள்ள வினைச்சொல்லை ஆட்சி செய்தல் எனக் கொண்டால், அது அரசுகளுக்கு எதிரான ஆணையாகப் படிக்கப்படும். ஆனால் அவ்வசனம் தோராவைக் கொண்டு வழக்குகளில் தீர்ப்பளிப்பதைப் பற்றியே பேசத் தொடங்குகிறது. 19:12 இல் சிறுவரான யஹ்யாவுக்கு "ஹுக்ம்" அளிக்கப்பட்டதாக வருகிறது. அங்கே ஆட்சி என்ற பொருள் சிறிதும் பொருந்தாது என்பதால் பலரும் ஞானம் என்றே மொழிபெயர்க்கின்றனர்.

முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் இரண்டாம் தலைவரான ஹசன் அல்-ஹுதைபி, ஹாகிமிய்யா என்ற சொல் குர்ஆனிலோ நபிமொழிகளிலோ காணப்படவில்லை எனச் சுட்டிக்காட்டினார். 1977 இல் வெளியான அவரது நூலின் தலைப்புக்கு "அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்லர்" என்பது பொருளாகும்.