தேங்கிய நீரில் தெரியும் மாடங்கள்

மும்பையில் மழைக்காலம் என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவன நனைந்த செருப்பும் நின்றுபோன இரயில் வண்டியுமே. ஆயினும், ஆனி ஆடி மாதங்களில் இந்நகரம் வழங்கும் இனிய காட்சியொன்றைப் பற்றி இம்முறை எழுத விரும்புகிறோம். கோட்டைப் பகுதியின் பழங்கட்டடங்களைச் சாலைப் பள்ளங்களில் தேங்கிய நீரிலே கண்டு படம்பிடிக்கும் கலையே அது.

முன்னாளில் வி.டி. என்று நாம் அழைத்த சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் வழியே நாள்தோறும் அலுவலகம் சென்று மீளும் தமிழன்பர்கள் பலர். அவர்களுள் அம்மாளிகையின் உச்சியை நிமிர்ந்து நோக்கியவர் எத்தனை பேர்? 8.12 வண்டியைப் பிடிக்க ஓடுகிறவருக்குக் கழுத்தை நிமிர்த்த ஏது நேரம்! பிரெடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வகுத்த திட்டப்படி, 1878-ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுகள் பாடுபட்டு எழுப்பிய கட்டடம் அது. குவிமாடத்தின் மேலே முன்னேற்றத்தின் உருவமாக ஒரு பெண் சிலை நிற்கிறது. வாயில் தூண்களில் ஒன்றின்மேல் சிங்கமும் மற்றொன்றின்மேல் புலியும் வீற்றிருக்கின்றன. தலை குனிந்து நடப்பவர்க்கு இவற்றைக் காலடியில் கொண்டுவந்து காட்டுகிறது மழைநீர்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை; கைப்பேசியே போதும். அதைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கண்ணாடிவில்லை ஏறக்குறைய நீரைத் தொடும்படி தாழ்த்த வேண்டும். இதில்தான் முழுச் சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. 280 அடி உயரமுள்ள இராஜாபாய் கோபுரத்தை அதே அளவு தொலைவிலிருந்து காண்பதாக வைத்துக்கொள்வோம். வில்லை நீருக்கு மேல் ஐந்தடி உயரத்தில் இருந்தால், உச்சியின் பிம்பம் ஐந்தடிக்கு அப்பால் விழும். அடிப்பகுதியின் பிம்பத்துக்கு ஒரு குளமே தேவைப்படும். வில்லையை ஓர் அங்குலத்திற்குத் தாழ்த்திவிட்டாலோ, இரண்டு மூன்று அடி நீளமுள்ள நீரில் கோபுரம் ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிடும். மேலும், நேர் கீழே நோக்கினால் நீர் நூற்றில் இரண்டு பங்கு ஒளியையே திருப்பியனுப்பும்; பார்வை எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுக்குப் பிம்பம் பொலிவு பெறும். குவியத்தை நீரில் மிதக்கும் சருகின்மேல் வைத்தல் கூடாது. பிம்பத்தின்மேல் வைக்க வேண்டும். பிம்பம் நீரின் மேற்பரப்பில் இருப்பதன்று. கட்டடம் இருக்கும் தொலைவிலேயே இருப்பது. கீழே கரிய தார்ச்சாலை இருந்தால் நலம். செம்மண் கலங்கலில் அழகு குறையும்.

எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பி, பிம்பத்தையே கட்டடமாகக் காட்டி வியப்பூட்டுவோர் உண்டு. நமக்கு அது உகந்ததாகத் தோன்றவில்லை. சாலையும், நீரின் விளிம்பும், கடந்து செல்லும் ஒருவரின் பாதமும் தெரிந்தால்தானே அது மும்பை!

ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது. நாம் அழகு தேடும் இந்நீரே அடுத்த தெருவில் பிறர் வீட்டுக்குள் புகுகிறது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், அந்நாளில் உயிரிழந்தோரையும் இந்நகரத்தார் மறந்திலர். ஆதலின், மழை ஓய்ந்தபின் கணுக்கால் நனையாத சிறு பள்ளங்களே நமக்குப் போதும். முழங்கால் அளவு நீரில் பிறர் மூட்டை முடிச்சுகளுடன் தத்தளிக்கையில் கருவியை நீட்டுவது கலையன்று. கலங்கிய நீருக்கடியில் மூடியில்லாத சாக்கடைக் குழி இருக்கலாம். காலில் புண்ணுள்ளவர்க்கு எலிக் காய்ச்சல் பற்றும் அபாயமும் உண்டு. பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டா.

குடும்பத்துடன் செல்வதற்கு ஓவல் மைதானமே தக்க இடம். அதன் கிழக்கே, பிரேம்சந்த் ராய்சந்த் தம் அன்னையின் பெயர் விளங்கப் பொருளுதவி செய்து எழுப்பிய இராஜாபாய் கோபுரம்; மேற்கே, 1930-களின் புதுப்பாணியில் வளைந்த மாடங்களையுடைய குடியிருப்புகள். இவ்விரு வரிசைகளும் 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றன. காலை வெயில் மேற்கு வரிசையின் முகத்தில் படும். மாலை வெயில் கோபுரத்தின் முகத்தில். மழை விட்டு வெயில் தலைகாட்டும் மாலைவேளையில் காற்று அடங்கும்வரை சற்றுப் பொறுத்திருந்தால், கோபுரம் அலையாமல் நீரில் நிற்கும்.