பிறேக் மிதி இறுகுதல்: பழைய வாகனங்களிற் பழுது காணும் முறை

கட்டுக்கரைக்குளத்து நீரால் விளைந்த நெல்லையும், முருங்கன், நானாட்டான் பகுதித் தோட்டங்களின் மரக்கறியையும் மன்னார் நகருக்கு ஏற்றிச் செல்லும் லொறிகளிலும் சிறு வாகனங்களிலும் பல, இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவை. இவற்றுட் சிலவற்றில் பிறேக் மிதி நாளடைவிற் கல்லைப் போல் இறுகிவிடுகின்றது. மிதி தாழாமல் நிற்பதைக் கண்டு, பிறேக் நன்றாகப் பிடிக்கின்றது என மனநிறைவு கொள்ளும் கமக்காரரும் உளர். உண்மை இதற்கு மாறானது. காலுக்குக் கிடைத்து வந்த துணை அற்றுப்போயிற்று என்பதே பெரும்பாலும் இதன் பொருள். வெறும் வாகனத்தை மெதுவாகச் செலுத்துகையில் இக்குறை தோன்றாது. நெல்மூடைகளை ஏற்றி வரும்போது, இரவில் மன்னார் வீதியிற் படுத்திருக்கும் கழுதையோ, வீதியோரத்தில் நெல் காயவிட்டவரின் பிள்ளையோ எதிர்ப்பட்டால்தான் தெரியவரும்.

மிதிக்கும் மாஸ்ரர் சிலிண்டருக்கும் இடையில் வட்டமான தகரக் கலன் ஒன்று உண்டு. இதனைப் பூஸ்டர் என்பர். பெல்ஜியப் பொறியியலாளர் அல்பேர்ட் டெவாண்டர் வகுத்த இவ்வகை அமைப்பை ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1927 இல் விற்பனைக்கு விட்டது. கலனின் நடுவே றப்பர்த் தகடு ஒன்று இருக்கின்றது. அதன் ஒரு பக்கத்துக் காற்றை எஞ்சின் உறிஞ்சி வெற்றிடமாக்குகின்றது. மிதியை அழுத்தியதும் மறுபக்கத்தில் வெளிக்காற்றுப் புகுந்து தகட்டைத் தள்ளுகின்றது. வெளிக்காற்றின் அமுக்கம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம். 20 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள தகட்டின் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர் ஆகையால், மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம் இருந்தாலே 200 கிலோகிராம் அளவான துணை கிடைக்கின்றது. இது இல்லாதபோது அவ்வளவையும் கால் ஒன்றே செய்தல் வேண்டும். மொறிஸ் மைனர் போன்ற மிகப் பழைய கார்களில் பூஸ்டர் கிடையாது. அவற்றின் மிதி இயல்பாகவே கடினமானது.

நீர்ப்பம்பி வைத்திருக்கும் தோட்டக்காரருக்கு இதனை விளக்குதல் எளிது. உறிஞ்சு குழாயில் ஊசித்துளை இருந்தாலும் பம்பி காற்றை இழுத்துக்கொண்டு நீரை ஏற்றாதுவிடும். கிணற்றினுள் இருக்கும் வால்வு பழுதானால், பம்பியை நிறுத்தியதும் குழாயிலுள்ள நீர் இறங்கிவிடும். எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குச் செல்லும் றப்பர்க் குழாயும், அதிலுள்ள ஒருவழி வால்வும் இவ்விரண்டையும் ஒத்தவை. இங்கு நீருக்குப் பதிலாக வெற்றிடம் காக்கப்படுகின்றது.

பொருள் வாங்குமுன் காலினாற் சோதித்தல் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, மிதியை ஐந்தாறு முறை அழுத்துக. மிதி இறுகிய பின் அதன்மேற் காலை ஒரே அழுத்தமாக வைத்துக்கொண்டு எஞ்சினை இயக்குக. மிதி காலின் கீழ்ச் சற்றுத் தாழுமாயின் துணை கிடைக்கின்றது; அசையாதிருப்பின் கிடைக்கவில்லை. அடுத்து, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மிதியை மெதுவாக மும்முறை அழுத்துக. முதன்முறை ஆழமாகவும் பின் படிப்படியாகக் குறைந்தும் தாழ்தல் முறை. முதன்முறையே இறுகியிருப்பின் வெற்றிடம் எங்கோ கசிகின்றது, அல்லது உண்டாகவே இல்லை. மிதியைத் தொடர்ந்து அழுத்தியிருக்கையில் இடைவிடாது 'உஸ்' எனும் ஓசை காலடியிற் கேட்டால், பூஸ்டரின் உட்பகுதி கிழிந்திருக்கலாம். அழுத்தும் கணத்தில் மட்டும் எழும் சிற்றோசை இயல்பானதே.

துணை இல்லையெனக் கண்டவுடன் பூஸ்டரைக் குற்றஞ்சாட்டுதல் கூடாது. நானாட்டான் பகுதிக் கமக்காரர் ஒருவர், கராச்சிற் கூறியபடி மாஸ்ரர் சிலிண்டரையும் நான்கு சக்கரங்களின் லைனிங்கையும் மாற்றினார். மரக்கறி விற்ற பணம் முழுவதும் அதிற் சென்றது, மிதி மாறவில்லை. யான் கண்டபோது, றப்பர்க் குழாயின் அடிப்புறத்தில் விரலால் மறைக்கத்தக்க வெடிப்பு ஒன்றே இருந்தது. எஞ்சின் சூட்டினால் இக்குழாய் வறண்டு வெடிக்கும். வெடிப்பு மேற்புறத்தில் தோன்றாமல் வளைவுகளிலும் கவ்விகளின் கீழும் மறைந்திருக்கும். மாற்றும்போது தோட்டத்துக்கு நீர் விடும் மெல்லிய குழாயைப் பொருத்துதல் ஆகாது. பம்பியின் உறிஞ்சு பக்கத்தில் மெல்லிய குழாய் தட்டையாகிவிடுவதை அறிந்த எவரும் இத்தவற்றைச் செய்யமாட்டார். ஆயினும் செய்தோரைக் கண்டிருக்கிறேன். ஒருவழி வால்வைக் கழற்றி வாயினால் ஊதிப் பார்க்கலாம். பூஸ்டர்ப் பக்கத்திலிருந்து ஊதினால் காற்றுச் செல்லுதல் வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் செல்லலாகாது.

டீசல் எஞ்சின் இவ்வாறு தானாக வெற்றிடம் உண்டாக்குவதில்லை. ஆகவே அதற்குத் தனிப் பம்பி தேவை. பழைய ஜப்பானிய டீசல் வாகனங்கள் பலவற்றில் இது டைனமோவின் பின்புறத்திற் பொருத்தப்பட்டுள்ளது. இத்தகைய வாகனத்தில் மிதி இறுகுவதோடு மின்னேற்ற விளக்கும் எரியுமாயின், டைனமோ பெல்ற் தளர்ந்தோ அறுந்தோ உள்ளதா எனப் பார்க்க. பெல்ற் சரியாயிருப்பின், பம்பியின் குழாயைக் கழற்றி, எஞ்சின் மெதுவாக ஓடுகையில் வாயிலைப் பெருவிரலால் மூடுக; விரலை வலுவாக இழுத்தல் வேண்டும். இவ்வேளை சாரத்தின் தலைப்பும் சட்டைக் கையும் பெல்ற்றில் அகப்படாதபடி கட்டிக்கொள்வது அவசியம்.

சோதனையில் மிதி தாழ்ந்தும், ஓட்டத்தில் வாகனம் நில்லாதாயின் பழுது சக்கரங்களில் உள்ளது. மன்னார்த்தீவிலும் கரையோரத்திலும் இதுவே தொல்லை தருவது. சோளகக் காற்றுக் கொண்டுவரும் உப்பு, சக்கரச் சிலிண்டர்களைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. காலபோக அறுவடைக்குப் பின் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வாகனத்தில் பிஸ்ரன் இறுகி அசையாதிருக்கும். மிதியின் அச்சே துருவேறி இறுகுவதும் உண்டு. மிதியைக் கையால் ஆட்டிப் பார்த்தால் அது புலப்படும். சிறிது தூரம் ஓடிய பின் ஒரு சக்கரம் மட்டும் சூடேறினால், அச்சக்கரத்தின் பிறேக் விடுபடவில்லை. உட்புறம் வீங்கி அடைபட்ட றப்பர்க் குழாயும் இதற்குக் காரணமாகலாம். டிறம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதலாகாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்துள்ளது. அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைக்க.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. அவ்வீரம் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கின்றது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அதனை மாற்றுதல் நன்று. குறைந்த ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயிலையோ உழவு இயந்திர ஒயிலையோ ஒருபோதும் ஊற்றலாகாது. றப்பர்ப் பகுதிகள் அனைத்தும் வீங்கிப் பயனற்றுப்போகும். வெளியே கசிவின்றி ஒயில் குறைந்து வருமாயின், அது மாஸ்ரர் சிலிண்டரின் பின்புறத்தால் பூஸ்டரினுட் செல்கின்றதா என ஆராய்க.

வழியில் திடீரென மிதி இறுகினால் பிறேக் முற்றாக அற்றுப்போகவில்லை என்பதை மறவற்க. இரு கால்களாலும் பலமாக அழுத்தி, கியரைக் குறைத்து, தேவையாயின் கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து நிறுத்துக. எஞ்சினை நிறுத்திவிடலாகாது. எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக எஞ்சினை நிறுத்தி உருளவிடுவோர், ஓரிரு அழுத்தங்களுக்குப் பின் இதே நிலையைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றனர். திருத்தம் முடிந்த பின், ஆளற்ற வெளியில் சுமையின்றி மெதுவாகச் செலுத்தி நான்கைந்து முறை நிறுத்திப் பார்த்தே மூடைகளை ஏற்றுதல் வேண்டும்.