எச்சில் சோறும் எருக்குழியும்

சென்னைப் பட்டணத்து ஹோட்டல்களும் கல்யாண மண்டபங்களும் மிஞ்சிய சோற்றை நெடுங்காலம் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் அனுப்பி வந்தன. காற்றுப் புகாத குவியலில் அழுகும் சோறு மீதேன் என்னும் எரிவாயுவைப் பிறப்பிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தபோது, அப்புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்து ஜனங்களே.

ஹோட்டல்களும் பெரிய குடியிருப்புக்களும் மக்கும் குப்பையைக் கூடுமானவரை தம் எல்லைக்குள்ளேயே எருவாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டுமென்று 2016-ஆம் வருஷத்திலேயே இந்திய சர்க்கார் விதி செய்தது. ‘கூடுமானவரை’ என்ற சொல்லில் பலர் ஒளிந்துகொண்டார்கள். வேறு சிலர் மின்சார யந்திரம் வாங்கி, 24 மணி நேரத்தில் எரு தயாரென்று மார்தட்டுகிறார்கள். வெறுஞ்சூட்டில் உலர்ந்த சோறு எருவாகுமா? ஈரம் பட்டால் மீண்டும் பூஞ்சை பூத்து நாறும்.

சருகோ மரத்தூளோ கலந்து, காற்றுப்படக் கிளறிவந்தால், நுண்ணுயிர்களின் உழைப்பாலேயே குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். பிறகு சில வாரம் ஆறப்போட வேண்டும். இந்தூரில் ஹோவர்டும் வாத் என்பவரும் பரீட்சித்து 1931-ல் நூலாக வெளியிட்ட முறையின் சாரம் இதுதான். நகரசபை அதிகாரிகள் யந்திரத்தின் ரசீதைக் கண்டு திருப்தியடையாமல், குவியலைக் கிளறி முகர்ந்து பார்க்க வேண்டுமென்று கேட்கிறோம்.